வின்ஸ்லோ ஹோமரின் மீனவப் பெண்கள்: எச்சிங் படங்கள் பற்றி வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் நான் எடுக்கும் ஓவிய வகுப்பின் சுவரில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டியிருக்கின்றன. மூன்றும் எச்சிங் படங்களின், அதாவது செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளிலிருந்து எடுக்கும் அச்சுகளின், பெரிய நகல்கள். மூன்றிலும் இங்கிலாந்துக் கடற்கரை ஒன்றின் மீனவப் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை விட வரும் பெற்றோர், பக்கத்துக் கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று யார் வந்தாலும் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் வரைந்தது?

வின்ஸ்லோ ஹோமர். 1836இல் பாஸ்டனில் பிறந்த அமெரிக்கர், 1910இல் இறந்தார். இளம் வயதில் ஒரு லித்தோ (கல்லச்சு) அச்சகத்தில் தொழில் பழகினார். பிறகு 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகைக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காட்சிகளை வரைந்து கொடுத்தார். எண்ணெய் வண்ணம், வாட்டர்கலர் இரண்டிலும் பெரிய கை. அமெரிக்காவில் கடலை வரைந்தவர்கள் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் இவருடையதுதான்.

அமெரிக்கருக்கு இங்கிலாந்து மீனவப் பெண்கள் எப்படிக் கிடைத்தார்கள்?

1881 வசந்த காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் அதிகம் தங்காமல் வடகிழக்குக் கரையில் டைன் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்லர்கோட்ஸ் என்ற சின்ன மீனவக் குப்பத்துக்குப் போனார். 1882 நவம்பர் வரை அங்கேயே இருந்தார். ஏற்கெனவே சில ஓவியர்கள் வந்து போய்க்கொண்டிருந்த ஊர்தான் அது, அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அங்கே போனபிறகு அவர் கை மாறிவிட்டது. அதற்கு முன் அவர் வரைந்த பெண்கள் பெரும்பாலும் புல்வெளியில் பந்தைக் கட்டையால் தட்டி குரோக்கே ஆடுகிறவர்கள், வெயிலில் உலாவுகிறவர்கள். கல்லர்கோட்ஸில் வரைந்தவர்கள் கூடை தூக்குகிறார்கள், வலையைச் சரிசெய்கிறார்கள், கரையில் காத்து நிற்கிறார்கள். உடம்பின் கனமே வேறு.

அந்தப் பெண்கள் என்னென்ன வேலை செய்தார்கள்?

ஆண் படகில் போவான், மீன் பிடிப்பான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளது எல்லாம் பெண்கள் தலையில். அந்தக் கரையில் நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கட்டிப் பிடிப்பார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் இரை கோக்க வேண்டும். இரைக்கான சிப்பியைப் பாறையிலிருந்து பெயர்த்து எடுத்து வருவது பெண்கள். ஓட்டை உடைத்துச் சதையை எடுப்பது பெண்கள். முள்ளில் கோத்து, கயிறு சிக்காமல் வளையம் வளையமாக அடுக்கி வைப்பதும் பெண்கள். குளிர்காலத்தில் இதைச் செய்யும் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படகு திரும்பியதும் அடுத்த பாதி ஆரம்பிக்கும். மீனைக் கழுவிப் பிரம்புக் கூடையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு நார்த் ஷீல்ட்ஸ், டைன்மவுத் என்று தெருத் தெருவாக விற்பார்கள், ரயிலேறி நியூகாசல் வரை போவார்கள். இதற்கு நடுவே வலையைத் தைக்க வேண்டும், வீட்டு ஆண்களுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் பின்ன வேண்டும். சமையல், பிள்ளைகள் எல்லாம் தனி.

கடலே இல்லாத வேலூரில் இதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள்?

கடல் இல்லை, மீன் இருக்கிறதே. நம் மார்க்கெட்டுக்குச் சென்னையிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் மத்தியும் ஐஸ் போட்டு விடியற்காலையில் வந்து இறங்குகின்றன. அவற்றைக் கழுவி, பிரித்து, கூறு கட்டி விற்கிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். ஏரி ஏலம் விட்டு, கோடையில் தண்ணீர் வற்றி வலை போடும் நாளில் ரோட்டோரம் கட்லா, ஜிலேபி, கெளுத்தியைத் தார்ப்பாயில் பரப்பி உட்காருகிறவர்களும் அவர்கள்தான். வாரச் சந்தையில் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் வேலை என்றதும் படகும் கட்டுமரமும் மட்டும் நினைவுக்கு வருகிற பழக்கத்தால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

வலை தைப்பது ஆண்கள் வேலைதானே?

காசிமேட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்பது இது. அங்கே வலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் நம் கரையிலேயே எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் அப்படி இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் வலை பின்னிக் கூலி வாங்கிய காலம் இருந்தது. நைலான் வந்து, பிறகு மெஷின் வலை வந்து அந்த வேலையை அடித்துக்கொண்டு போய்விட்டது. எது ஆண் வேலை எது பெண் வேலை என்பது கரைக்குக் கரை மாறும்.

மூன்று படங்களின் பெயர் என்ன? எதை முதலில் பார்ப்பது?

'மெண்டிங் தி டேர்ஸ்' (கிழிசல்களைச் சரிசெய்தல்), 'பெரில்ஸ் ஆஃப் தி சீ' (கடலின் ஆபத்துகள்), 'எ வாய்ஸ் ஃப்ரம் தி கிளிஃப்ஸ்' (பாறை மேட்டிலிருந்து ஒரு குரல்). மூன்றுமே 1888இல் வெளிவந்தவை. கல்லர்கோட்ஸை விட்டு வந்து ஆறு வருடம் கழித்து, அந்த ஊரில் செய்த வாட்டர்கலர்களையும் அவற்றிலிருந்து பிறந்த படங்களையும் வைத்துச் செம்புத் தகட்டில் மறுபடி வரைந்தார்.

முதலில் 'மெண்டிங் தி டேர்ஸ்' முன்னால் நில்லுங்கள். 1882இல் அவர் வரைந்த 'மெண்டிங் தி நெட்ஸ்' என்ற வாட்டர்கலர்தான் இதற்கு மூலம். அது இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஒரு பெஞ்சில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கையில் வலை, இன்னொருத்தி கையில் காலுறை. இருவர் தலையும் குனிந்திருக்கிறது. நம்மைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை. வலை மடியிலிருந்து சரிந்து தரைக்கு இறங்குகிறது.

இப்போது வலையின் கண்களைக் கிட்டத்தில் பாருங்கள். வாட்டர்கலரில் வலை என்பது வண்ணத்தின் மேல் போட்ட மெல்லிய கோடு. எச்சிங்கில் நிலைமை வேறு. ஒவ்வொரு நூலும் ஓர் ஊசி தகட்டின் மேல் ஓடிய தடம். வலை பின்னுகிறவள் ஊசியை விட்டு இழுத்த இடத்திலெல்லாம் ஹோமரும் ஊசியை விட்டு இழுத்தாக வேண்டும், சும்மா ஒரு தீற்று தீற்றிவிட்டு நகர முடியாது. பாவாடை மடிப்புகளின் இருட்டைப் பாருங்கள், கோட்டின் மேல் கோடு குறுக்கும் நெடுக்கும் போட்டு வரவழைத்தது. உட்கார்ந்திருக்கும் உடம்பின் பாரம் அந்த இருட்டில்தான் இருக்கிறது. பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானிலிருந்து வந்து இப்போது லண்டனில் இருக்கும் சிற்பங்களை இந்த இரு உருவங்களோடு ஒப்பிடும் விமர்சகர்கள் உண்டு. ஒப்பீடு சரிதான் என்றாலும், அதைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் கல் மாதிரி ஒரு பெருமிதம் மட்டும்தான் கண்ணில் படும். விரல்களைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

குடியாத்தத்திலிருந்து மகளைக் கூட்டிவரும் ஓர் அம்மா இந்தப் படத்தைப் பார்த்தவுடன் சொன்னது வேறு. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது நாங்களும் இப்படித்தான் உட்காருவோம், வாய் பேசும், கண் மட்டும் எடுக்க முடியாது என்றார். எனக்குத் தெரிந்து இந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

மற்ற இரண்டு?

'பெரில்ஸ் ஆஃப் தி சீ'யில் கடல் கொந்தளிக்கிறது. மழைக்கோட்டுப் போட்ட ஆண்கள் கூட்டமாக நின்று கடலைப் பார்க்கிறார்கள். கல்லர்கோட்ஸில் 1879இல் கட்டிய கண்காணிப்பு வீடு ஒன்று இருந்தது, உயிர்காப்புப் படையினர் அங்கிருந்துதான் கடலைக் கவனிப்பார்கள். படத்தின் இடம் அதுதான். முன்னால் இரண்டு பெண்கள். யாருடைய படகு இன்னும் திரும்பவில்லை என்று படம் சொல்வதில்லை. மற்ற படங்களில் ஓயாத கைகளுக்கு இதில் செய்ய ஒரு வேலையும் இல்லை, அதுதான் இதில் உள்ள பயங்கரம். ஹோமர் இதைக் கற்பனையில் போடவில்லை. 1881 அக்டோபரில் 'அயர்ன் கிரவுன்' என்ற கப்பல் டைன்மவுத் பக்கம் தரைதட்டி உடைந்தபோது அவர் அங்கே இருந்தார், அதையும் படமாக்கியிருக்கிறார்.

'எ வாய்ஸ் ஃப்ரம் தி கிளிஃப்ஸ்' மூன்றில் எனக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. மூன்று இளம்பெண்கள் நெருக்கமாக நின்று பாறை மேட்டிலிருந்து வரும் குரலுக்குக் காது கொடுக்கிறார்கள். 1882இல் லண்டன் ராயல் அகாதமியில் அவர் காட்சிக்கு வைத்த 'ஹார்க்! தி லார்க்' என்ற எண்ணெய் ஓவியத்தின் தங்கை என்று சொல்லலாம். நன்றாக அடுக்கி நிற்க வைத்திருக்கிறார், அந்த அடுக்கல் கொஞ்சம் தூக்கலாகவே தெரிகிறது.

எச்சிங் என்றால் எப்படிச் செய்வது?

செம்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் தாரும் கலந்த ஒரு பூச்சைப் பூசுவார்கள். அது அமிலத்துக்கு அசையாது. அதன் மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு விலகிச் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் விட்டால் ஊசி போன இடத்தை மட்டும் அமிலம் தின்று பள்ளம் ஆக்கும். மெல்லிய கோடு வேண்டிய இடங்களைச் சீக்கிரமே வார்னிஷ் வைத்து அடைத்துவிட்டு மற்றதை மறுபடி அமிலத்தில் விடுவார்கள், நேரம் ஆக ஆகக் கோடு ஆழமாகிக் கறுக்கும். கடைசியில் பூச்சைத் துடைத்துவிட்டு, தகடு முழுக்க மையை அப்பி, மேல் மையை மெல்லிய துணியால் வழித்து எடுப்பார்கள். பள்ளத்தில் உள்ள மை மட்டும் தங்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி விட்டால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

படம் இடவலம் மாறி வரும் என்பதை மறக்கக் கூடாது. வலது கைக்காரி வலை தைக்க வேண்டுமென்றால் தகட்டில் இடது கையால் தைக்க வேண்டும்.

கையில் வாட்டர்கலர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

காசு. மழுப்ப வேண்டியதில்லை. வாட்டர்கலர் ஒருமுறைதான் விற்கும், தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். 1880களில் அமெரிக்காவில் எச்சிங் மோகம் உச்சத்தில் இருந்தது, வசதியானவர்கள் வீட்டுச் சுவருக்குப் பெரிய எச்சிங்குகளை வாங்கினார்கள். பல ஓவியர்கள் தங்கள் ஓவியத்தைக் கூலிக்கு வேறொரு எச்சிங்காரரிடம் கொடுத்துப் போடச் சொன்னார்கள். ஹோமர் தானே உட்கார்ந்து தகட்டில் வரைந்தார். நியூயார்க்கில் கிறிஸ்டியன் கிளாக்னர் என்ற வியாபாரி வெளியிட்டார். தகடுகளும் சின்னவை அல்ல, 'மெண்டிங் தி டேர்ஸ்' ஏறக்குறைய 2 அடி அகலம்.

காசுக்காக ஆரம்பித்தது என்பதால் ஏனோதானோ என்று செய்தார் என்று ஆகாது. அச்சுக்குக் கொண்டுபோகும்போது பின்னணியைக் குறைத்து உருவங்களைப் பெரிதாக்கி முன்னே தள்ளுவது அவர் வழக்கம். இரண்டு மாலுமிகள் சூரியனின் உயரத்தை அளக்கும் 'எய்ட் பெல்ஸ்' என்ற ஓவியத்தையும் 1887இல் அவர் போட்ட அதன் எச்சிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும்.

விற்றதா?

எதிர்பார்த்த அளவு இல்லை. மோகமும் வடிந்துகொண்டிருந்தது. 1889க்குப் பிறகு அவர் எச்சிங்கை விட்டுவிட்டார். நல்லவேளை, தூரிகையை விடவில்லை.

இந்தப் பெண்களை ஓவர் அழகாகக் காட்டிவிட்டாரா?

இந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றும் சொல்வேன், இல்லை என்றும் சொல்வேன்.

இல்லை என்பதற்குக் காரணம், இவர்கள் யாரும் நமக்காகச் சிரிக்கவில்லை. உழைக்கிற பெண்ணின் தோள் அகலம், முன்கை முறுக்கு எதையும் அவர் சன்னமாக்கவில்லை. அந்தக் காலத்தில் மீன்காரி என்றால் குட்டைப் பாவாடையும் சிவந்த கன்னமுமாக உல்லாசப் பயணிகளுக்கான அட்டைப்படம். ஹோமர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆமாம் என்பதற்குக் காரணத்தை எனக்குக் காட்டியவர் நம் மார்க்கெட்டில் இறால் விற்கும் ஓர் அக்கா. மூன்று படங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இவங்க மீன் விக்கவே மாட்டாங்களா, சுருக்குப் பை எங்கே என்றார். அதன்பிறகு எனக்கு அந்தக் குறை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வலை இருக்கிறது, கூடை இருக்கிறது, புயல் இருக்கிறது. பேரம் இல்லை. ஏலத்தில் விலை ஏறினால் வரும் பதற்றம் இல்லை, மத்தியானத்துக்குள் விற்காத மீனைப் பாதி விலைக்குத் தள்ளுவது இல்லை, வட்டிக்காரன் இல்லை, வாடிக்கைக்காரரோடு வாய்ச்சண்டை இல்லை. கல்லர்கோட்ஸ் பெண்கள் கெட்டிக்கார வியாபாரிகள், குடும்பத்துக்குப் பணம் வந்ததே அவர்கள் கூவி விற்றதால்தான். எச்சிங்கில் அவர்கள் வாயே திறப்பதில்லை.

அதேபோல் மாற்றமும் இல்லை. 1870களின் இறுதியிலேயே பக்கத்து நார்த் ஷீல்ட்ஸில் நீராவிப் படகில் இழுவலை கட்டிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையால் இரை கோத்த பிழைப்புக்கு அப்போதே ஆபத்து வந்தாயிற்று. படங்களில் ஒரு புகைக்குழாய் கூடத் தலைகாட்டவில்லை. நியூயார்க்கில் வரவேற்பறைக்குப் படம் வாங்குகிறவருக்குப் புகையும் சில்லறையும் வேண்டியிருக்காது என்று ஹோமருக்குத் தெரிந்திருக்கும். ஓவியன் எதைப் பார்த்தான் என்பதோடு, யார் வாங்குவார் என்று நினைத்தான் என்பதும் படத்தில் இருக்கும்.

நம் பக்கத்தில் எச்சிங் செய்த பெரிய ஆள் யாராவது?

இருக்கிறார், அதுவும் ரொம்பக் கிட்டத்தில். கிருஷ்ணா ரெட்டி 1925இல் சித்தூர் மாவட்டம் நந்தனூரில் பிறந்தவர். சித்தூர்தான் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம், அதன்பிறகுதான் அது வேலூருக்கு வந்தது. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்தார், சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார், பிறகு பாரிஸ் போனார். அங்கே அச்சோவியக் கலைஞர் ஹெய்ட்டரின் அட்டெலியர் 17 அச்சுக்கூடத்தில், ஒரே தகட்டில் வெவ்வேறு பிசுக்கு உள்ள மைகளை வெவ்வேறு மென்மை உள்ள உருளைகளால் ஏற்றிப் பல வண்ணங்களை ஒரே அழுத்தில் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1972இல் பத்மஸ்ரீ. 2018இல் நியூயார்க்கில் காலமானார். வேலூரிலிருந்து சித்தூருக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான், ஆனால் இவர் பெயரைச் சொன்னால் இங்கே பலரும் விழிக்கிறார்கள்.

பக்கத்தில் எச்சிங் கற்க வேண்டுமென்றால் சென்னைதான். அரசு கவின் கலைக் கல்லூரியிலும் கிரீம்ஸ் ரோட்டில் உள்ள லலித் கலா அகாதமியிலும் அச்சோவியத்துக்கான வசதி உண்டு.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

நைட்ரிக் ஆசிட் வாங்கி வந்து செய்யப் போகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். செம்போடு சேர்ந்தால் அதிலிருந்து வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும். இப்போது பல கூடங்களில் பெர்ரிக் குளோரைடுக்கு மாறிவிட்டார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்பது அதுதான். அந்தப் புகை இல்லை என்றாலும் தோலிலும் துணியிலும் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதையும் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது அமிலமே இல்லாத டிரைபாயிண்ட். ஜூஸ் வரும் டெட்ரா பேக்கைப் பிரித்துக் கழுவிக் காய வையுங்கள். உள்பக்கப் பளபளப்பில் காம்பஸ் முள்ளால் அழுத்திக் கீறுங்கள். மையைத் தேய்த்துத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து, அழுத்தம் கொடுத்தால் படம் வரும். அழுத்தத்துக்குக் கரும்பு ஜூஸ் மிஷினில் விடலாமா சார் என்று ஒரு பையன் கேட்டான். யோசனை நல்ல யோசனை, ஆனால் அந்த உருளையில் பள்ளம் பள்ளமாக இருக்கும், காகிதம் நார் நாராகிவிடும். சின்ன அச்சு என்றால் ஸ்பூனின் முதுகால் தேய்த்தாலே ஓரளவு தேறும்.

அசல் எச்சிங் என்று ஒருவர் விற்க வந்தால்?

காகிதத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும், கோடுகளில் மை லேசாக மேடு தட்ட வேண்டும். லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, விட்டுவிடுங்கள். ஹோமரின் அசல் என்றால் வேலூரில் தெருவில் வராது.

பள்ளியில் மாட்ட நகல் எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை முடியும், ஹோமர் இறந்தது 1910இல். வாஷிங்டன் நேஷனல் கேலரி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் இரண்டும் தங்களிடம் உள்ள உரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள இணையத்தில் வைத்திருக்கின்றன. பிரிண்ட் போடும் கடையில் மேட் பேப்பர் கேளுங்கள். கிளாஸி பேப்பரில் டியூப் லைட் அடித்து வலைக் கண்கள் ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.